ஓரணா வில்லையும் உப்பளக் கரையும்

சிறுபாணாற்றுப்படையில் வரும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. உமணர் உப்பு வணிகம் செய்த நெய்தல் நிலம் அது. இன்றும் வெள்ளிய உப்புக் குவியல்களே அவ்வூரின் அடையாளம். அதற்கு மேற்கே திண்டிவனம், செஞ்சி வட்டாரத்து ஊர்களில் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. அவர்களின் பழைய மரப்பெட்டிகளில் ஏட்டுச் சுவடிகளோடு கடன் சீட்டுகளும் பற்றுச்சீட்டுகளும் கிடப்பதுண்டு. அவற்றில் ஒட்டியுள்ள சிறு வருவாய் வில்லையும், அதாவது ரெவின்யூ ஸ்டாம்பும், ஒரு வரலாற்றுச் சான்றே.

இக்கரையின் தனித்தன்மை, இரண்டு ஆட்சிகளின் எல்லை இங்கே பின்னிக் கிடந்தமையாகும். 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. 1815ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பையும் ஆங்கிலேயரே கொள்ளும் உரிமை பெற்றனர். அதற்கு ஈடாக ஆண்டுக்கு நான்கு இலட்சம் சிக்கா ரூபாய் தர இசைந்தனர். மரக்காணத்திலிருந்து கடலோரமாகப் புதுச்சேரிக்குச் செல்வோர் காலாப்பட்டில் பிரெஞ்சு மண்ணை மிதித்து, மீண்டும் ஆங்கிலேயர் எல்லைக்குள் வந்து, அதன் பின்னரே புதுச்சேரியை அடைவர். ஆகவே இவ்வட்டாரத்துப் பெட்டியொன்றில் வழக்கத்திற்கு மாறான வில்லை கிடைப்பது வியப்பன்று. அஃது எவ்வாட்சியினது என்று அறிவதற்குச் சில வழிகள் உண்டு.

முதலாவது, பணக்குறிப்பு. அணா, பைசா எனக் கண்டால் அது பிரிட்டிஷ் இந்திய வழக்கு. 1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி இருபது ரூபாய்க்கு மேற்பட்ட பற்றுச்சீட்டுக்கு ஓரணா வில்லை ஒட்டப்பட்டது. பிரெஞ்சு இந்தியாவில் 1923 முதல் அஞ்சல் தலைகள் பனோன், காஷ் என்னும் அளவுகளில் வெளிவந்தன. ஒரு ரூபாய்க்கு எட்டுப் பனோன். ஒரு பனோனுக்கு இருபத்துநான்கு காஷ். நம் 'பணம்', 'காசு' என்னும் சொற்களே பிரெஞ்சு நாவில் இவ்வாறு திரிந்தன. சக்கரம் என்ற அளவும் சங்கின் உருவமும் காணப்பட்டால், அது திருவிதாங்கூர் வில்லை; அங்கே இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய்.

இரண்டாவது, வில்லையிலுள்ள சொல். 1906இல் எட்வர்டு மன்னர் உருவத்தோடு வந்த அரையணா, ஓரணாத் தலைகளில் 'அஞ்சலும் வருவாயும்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடர் பொறிக்கப்பட்டது. அதன்பின் ஒரே தலை கடிதத்துக்கும் பற்றுச்சீட்டுக்கும் பயன்பட்டது. வட்ட முத்திரை விழுந்திருந்தால் அஞ்சலிலும், மைக் கையொப்பம் குறுக்கே ஓடியிருந்தால் வரியிலும் பயன்பட்டதெனக் கொள்ளலாம். விடுதலைக்குப் பிந்திய நீதிமன்றக் கட்டண வில்லைகளில் மாநிலப் பெயரே காலத்தைக் காட்டும். சென்னை மாநிலம் 'தமிழ்நாடு' எனப் பெயர் பெற்றது 1969 சனவரி 14ஆம் நாள்.

மூன்றாவதும் முதன்மையானதும், வில்லை ஒட்டிய தாள். ஒருமுறை பயன்பட்ட வில்லை மறுமுறை பயன்படாதவாறு அதன்மேல் கையொப்பமோ நாளோ எழுத வேண்டும் என்பது சட்டம். அக்கையொப்பத்தின் பாதி வில்லையிலும் பாதி தாளிலும் அமையும். தொகுப்பு ஏட்டில் ஒட்டுவதற்காக வில்லையைக் கத்தரித்தெடுத்தால் கொடுத்தவர், பெற்றவர், ஊர், நாள் ஆகிய யாவும் பிரிந்துபோகும். எஞ்சுவது வண்ணக் காகிதத் துண்டு மட்டுமே. எந்த ஆட்சிக்குரியது என்னும் ஐயத்தைத் தீர்க்கும் சான்றும் அத்துடன் அழியும். மையை நீக்கிப் பயன்படாத வில்லை போலக் காட்டுவதோ வெளிப்படையான பொய்ம்மை.

இவ்விடத்தில் சிராவகர்க்குரிய கள்ளாமை அணுவிரதம் நினைவுக்கு வரும். உமாஸ்வாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரம், ஏழாம் அத்தியாயத்தில், அவ்விரதத்தின் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை ஏற்றல் ஆகியவற்றோடு, அரசின் விதியைக் கடந்து வாணிகம் செய்தல், அளவைகளைக் குறைத்தும் கூட்டியும் கொள்ளுதல், போலியை மெய்யெனக் கொடுத்தல் ஆகியனவும் குற்றமாகும். ஈராட்சி எல்லையில், உப்புக்கு வரியிருந்த காலத்தில், இவை வெறும் ஏட்டுரைகளல்ல, அன்றாடச் சோதனைகள். ஓரணா வில்லையை முறையாக ஒட்டிக் கையொப்பமிட்ட சீட்டு, நம் முன்னோர் கணக்கு வழக்கில் காத்த நேர்மைக்கும் சான்றாகிறது.

உப்பு வரி 1947இல் நீங்கியது. புதுச்சேரி 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்தியாவோடு நடைமுறையில் இணைந்தது. எல்லைக் காவலும் மறைந்தது. தாள்கள் மட்டும் எஞ்சியுள்ளன. வீடு மாற்றும்போதும் பழைய வீட்டை இடிக்கும்போதும் அவை குப்பையோடு எரிக்கப்படுகின்றன. அன்றேல் வில்லைக்காகக் கத்தரிக்கப்படுகின்றன. இத்திருநாளில் ஒவ்வோர் இல்லத்தாரும் பெட்டியைத் திறந்து, பூச்சி அரிக்காதவாறு சீட்டுகளை முழுமையாகப் பாதுகாத்து, அவற்றில் உள்ளதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவாராக. சுவடியைக் காத்த கைகளுக்குச் சீட்டைக் காப்பது அரிதன்று.