கருவிழியும் கீரையும்

தமிழகத்துச் சிறு குழந்தைகள் பார்வை இழந்ததற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்றாக வைட்டமின் ஏ குறைபாடு இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நீடித்தது. தாய்ப்பால் மறந்தபின் கஞ்சியும் சோறுமே உணவாகிவிட்ட குழந்தைக்கு, அந்தி சாய்ந்ததும் கண் தெரியாத மாலைக்கண் முதலில் தோன்றும்; பின்னர் வெண்விழி வறண்டு, பிட்டாட் புள்ளிகள் எனப்படும் நுரை போன்ற திட்டுகள் அதன்மேல் படியும்; கெரட்டோமலேசியா என்னும் கடைசி நிலையில் கருவிழியே இளகிக் கரைந்துவிடும். முதல் நிலைகள் மாதக்கணக்கில் நீளக்கூடியவை என்றாலும், இடையே தட்டம்மையோ கடும் வயிற்றுப்போக்கோ வந்துவிட்டால், உடலில் எஞ்சியிருந்த சிறு இருப்பும் தீர்ந்து, சில நாட்களிலேயே கண் போய்விடும். உணவின் குறையும் தொற்றுநோயும் கைகோத்துச் செய்த இக்கேட்டை உணவால் மட்டுமோ மருந்தால் மட்டுமோ தடுத்துவிட முடியாது என்பதை மருத்துவ உலகம் படிப்படியாகவே உணர்ந்தது.

சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் ஆர். இ. ரைட், தென்னிந்தியாவில் இந்நோய் பரவியிருந்ததைப் பற்றி 1922இலேயே எழுதினார். குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த டபிள்யூ. ஆர். அய்க்ராய்டும் அவரும் செம்பனை எண்ணெயைக் கொண்டு இந்நோய்க்குச் சிகிச்சையளித்ததைப் பற்றிய கட்டுரை 1937இல் வெளிவந்தது. இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தொகுத்த குன்னூர் ஆய்வகத்தின் புகழ்பெற்ற கையேடும் அதே ஆண்டினதே. ஆக, நோயின் காரணமும் தீர்வும் அப்போதே தெரிந்திருந்தன. தெரிந்த இடம் ஆய்வகமும் மருத்துவமனையும். நோய் வளர்ந்த இடமோ அடுப்படி.

இந்த இடைவெளியைக் குறைக்க முயன்றவர்களுள் மதுரை எர்ஸ்கின் அரசு மருத்துவமனையின் கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி குறிப்பிடத்தக்கவர், 1976இல் ஓய்வுபெற்றபின் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவரும் இவரே. ஆக்ஸ்போர்டில் கண் உயிர்வேதியியல் ஆய்விலிருந்து ஓய்வுபெற்ற ஆன்டுவனெட் பிரீ உள்ளிட்டோரின் துணையுடன், 1970களில் எர்ஸ்கின் மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் ஒன்று நடைபெற்றது. மருந்து கொடுத்துக் கண்ணைக் காப்பாற்றி அனுப்பினாலும் வீட்டு உணவு மாறாதவரை நோய் திரும்பும் என்பதால், குழந்தையுடன் தாயும் தங்கவைக்கப்பட்டு, எளிதில் கிடைக்கும் கீரையையும் பருப்பையும் கொண்டு குழந்தைக்குச் சமைக்கக் கற்றார். கீரையிலுள்ள கரோட்டின் என்னும் நிறப்பொருளே உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. அது உடலில் சேரச் சிறிது எண்ணெயும் வேண்டும். கீரை குழந்தைக்குச் செரிக்காது, மாந்தம் வரும் என்ற அச்சமும், நோய் கண்டால் உணவைக் குறைக்கும் பத்திய வழக்கமும் பல வீடுகளில் இருந்தன. வேலியோரத்தில் முருங்கை தழைத்திருந்த ஊர்களிலும் குழந்தைகள் இச்சத்தின்றி வளர்ந்ததை வறுமை ஒன்றால் விளக்கிவிட முடியாது.

அனைவரையும் மருத்துவமனையில் தங்கவைப்பது இயலாத காரியம். எனவே, குழந்தைகளுக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை பெருமளவு வைட்டமின் ஏ கொடுக்கும் தேசியத் திட்டம் 1970இல் தொடங்கப்பட்டிருந்தது. மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் 1980இல் சோதனை முறையில் தொடங்கி, உலக வங்கிக் கடனுதவியுடன் விரிந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஊட்டக்குறைவைத் தொடக்கத்திலேயே கண்டறியத் தராசையே முதன்மைக் கருவியாக்கிற்று: மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாதவர்களுக்கு மட்டும் 90 நாட்கள் துணையுணவு கொடுத்து, அதிலும் தேறாதவர்களை மருத்துவக் கவனிப்புக்கு அனுப்புவது அதன் முறை. பள்ளிப்பிள்ளைகளின் மதிய உணவைப் பேசும் அளவுக்கு இத்திட்டத்தை யாரும் பேசுவதில்லை.

பின்னர் திருச்சி மாவட்டத்தில், அரவிந்த் மருத்துவமனையைச் சார்ந்த லைலா ரஹ்மத்துல்லாவின் குழுவினர் 15,419 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1990இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு வாரந்தோறும் 8,333 அலகு வைட்டமின் ஏ கொடுக்கப்பட்டது. ஒரு வார உணவிலிருந்து குழந்தைக்கு இயல்பாகக் கிடைக்கவேண்டிய அளவை ஒட்டியது அது. ஓராண்டு முடிவில், மற்றப் பிரிவைவிட அப்பிரிவில் இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. மூன்று வயதுக்கு உட்பட்டோரும் நாட்பட்ட ஊட்டக்குறைவுக்கு ஆளானோருமே அதனால் மிகுதியாகப் பயன்பெற்றிருந்தனர்.