பாற்கடலும் கண்ணாடிக் கடலும்

கண்டி மாநகரில், தலதா மாளிகையின் அருகே பரந்து கிடக்கும் ஏரிக்குச் சிங்கள மக்கள் வழங்கும் பெயர்களுள் ஒன்று ‘கிரி முகுத’ என்பது. பாற்கடல் என்பது அதன் பொருள். மலைகளுக்கு நடுவே கடலின் பெயர் தாங்கி நிற்கும் இந்நீர்நிலை இயற்கையாய் அமைந்ததன்று. 1798 முதல் 1815 வரை ஆண்ட கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், வயல் நிலத்திலே அணை கட்டுவித்து இதனை உண்டாக்கினான்.

ஓடும் நீர் தன் அழுக்கைத் தானே கொண்டு செல்லும். தேங்கிய நீரோ தன்னிடம் சேர்ந்தவற்றுட் பெரும்பகுதியைத் தன்னகத்தே வைத்துக்கொள்ளும். இவ்வுண்மையைச் சிறிய அளவிற் காட்டுவது, வீட்டினுள்ளே கண்ணாடித் தொட்டியிற் கடலுயிர்களை வளர்க்க முயன்றோரின் வரலாறாகும்.

1846ஆம் ஆண்டில், ஆங்கிலப் பெருமாட்டி ஆனா தைன் என்பார், டோர்க்கி கடற்கரையிலிருந்து உயிருள்ள முருகைகளை லண்டனுக்குக் கொண்டு சென்றார். அங்கே புதுக் கடல்நீர் எளிதிற் கிடைப்பதன்று. ஆகவே, திறந்த சாளரத்தின் முன் பணிப்பெண் நாள்தோறும் தொட்டி நீரை முகந்து முகந்து ஊற்றிக் காற்றுக் கலக்கச் செய்தாள். பின்னர் கடற்பாசிகளும் சேர்க்கப்பட்டன. முருகைகள் பிழைத்தன. 1961ஆம் ஆண்டில், ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பார், உயிர்கள் குடியிருக்கும் கடற்பாறைகளைத் தொட்டியிலிட்டுக் காற்றுக் குமிழிகளை மட்டும் செலுத்தி முருகைகளைப் பேணும் முறையை எழுதி வெளியிட்டார்.

அப்பாறைகள் செய்த பணி யாது? மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா தோன்றுகிறது. அது மீன்களுக்கு நஞ்சு. பாறையில் வாழும் பற்றீரியாக்கள் அதனைப் படிப்படியாக நைத்திரேற்றாக மாற்றுகின்றன. ஆயினும் நைத்திரேற்று மிகுமாயின் பாசி தழைக்கும். ஆதலின், தொட்டி வைத்திருப்போர் அளவோடு உணவிட்டு, நீரில் ஒரு பகுதியை அவ்வப்போது மாற்றுகின்றனர். கண்ணுக்குத் தெளிவாய்த் தோன்றும் நீர் தூய நீராகிவிடாது என்பதே அவர்கள் கற்ற பாடம்.

இப்பாடத்தைக் கண்டி ஏரி பேரளவிற் புகட்டியது. சுற்றுமேடுகளில் வீடுகளும் விடுதிகளும் பெருகின. அவற்றின் கழிவுநீர் வடிகால் வழியே ஏரியை அடைந்தது. அதனோடு வந்த நைதரசனும் பொசுபரசும் பாசிக்கு உரமாயின. 1999ஆம் ஆண்டில் மைக்குரோசிஸ்டிஸ் என்னும் நுண்ணுயிர் பெருகி, ஏரியின் மேற்பரப்பைப் பச்சையாக்கிற்று. அவ்வினத்துட் சில நஞ்சு சுரப்பன. ஏரியிலிருந்து வெளியேறும் நீரோ, மெத எல என்னும் கால்வாய் வழியே நகரைக் கடந்து மகாவலி கங்கையிற் கலப்பது.

கண்ணாடித் தொட்டியின் நீரை வாளியால் மாற்றலாம். பாற்கடலை அவ்வாறு மாற்ற இயலாது. படர்ந்த பாசியை அள்ளுவதால் மட்டும் பயனில்லை. அடுத்த பாசிக்கான உரம் நீரிலேயே கிடக்கிறது. எனவே ஏரியின் காவல் கரையிலே தொடங்குவதன்று. மேட்டிலுள்ள ஒவ்வொரு வீட்டின் வடிகால் வாயிலிலும், மீன்களுக்கு அளவின்றி உணவெறியும் ஒவ்வொருவர் கையிலும் அது தொடங்குகிறது. மன்னன் கட்டிய அணை நீரைத் தேக்கித் தரும். அந்நீரைத் தூய்மையாய் வைத்திருப்பது மக்கள் கடன்.