ஈயத்தில் வார்த்த பேய்

மேசை மேல் ஆடும் போர் விளையாட்டுகளுக்கான பொம்மைகளில், வண்ணம் பூசுபவரின் பொறுமையை அதிகம் சோதிப்பது பேய்ப்படை. சிப்பாயின் சட்டை சிவப்பு என்றால் சிவப்பைப் பூசிவிடலாம். பேய்க்கு அப்படி ஒரு நிறம் கிடையாது. அதன் பின்னால் இருப்பது அதன் வழியே தெரிய வேண்டும். பொம்மையோ கட்டைவிரல் அளவில், ஈயத்திலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்த கெட்டிப் பொருள். கெட்டியான ஒன்றை ஊடுருவிப் பார்க்கலாம் என்று கண்ணை நம்பவைக்க, இந்தக் கைவேலைக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பிடித்தன.

போர்ப் பொம்மைகள் இதைவிடப் பழையவை. ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் 18ஆம் நூற்றாண்டிலேயே தட்டையான வெள்ளீயச் சிப்பாய்களை வார்த்து விற்றார்கள். 1893இல் இங்கிலாந்தின் பிரிட்டன் நிறுவனம் உள்ளே வெற்றிடம் விட்டு வார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. ஈயம் மிச்சமாயிற்று, விலை இறங்கிற்று. அந்தப் பொம்மைகளை வைத்து ஆடும் விதிகளை எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலாக எழுதினார். அந்தப் பொம்மைகளுக்கு வேண்டியிருந்தது பளபளப்பான, கெட்டியான வண்ணம் மட்டுமே.

பேயின் தோற்றம் வேறு இரு வழிகளில் வந்தது. ஆங்கிலேயர் மனத்தில் பேய் என்றால் வெள்ளை. பிணத்தைச் சுற்றிய துணியின் வெள்ளை. 1804 ஜனவரியில் லண்டன் அருகே ஹாமர்ஸ்மித்தில் தாமஸ் மில்வுட் என்ற கொத்தனார் தொழில் உடையான வெள்ளைத் துணியோடு இரவில் நடந்து வந்தார். ஊரை மிரட்டிக்கொண்டிருந்த பேய் இதுதான் என்று பிரான்சிஸ் ஸ்மித் என்பவர் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார். ஊடுருவித் தெரியும் பேயைக் கண்முன் காட்டியதில் மேடைக்குப் பெரும் பங்கு உண்டு. 1862 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர் ஒரு பெரிய கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தினார். பார்வையாளர் கண்ணுக்குப் படாமல் பலத்த வெளிச்சத்தில் நின்ற நடிகரின் பிம்பம் அதில் விழுந்தது. மேடையில் புகைபோல ஓர் உருவம் நின்றது. பொம்மைப் பேய்க்குத் துணி முதல் வழியிலிருந்தும் கண்ணாடித்தன்மை இரண்டாவதிலிருந்தும் கிடைத்தன.

போர் விளையாட்டுக்குள் மாய உலகம் பரவலாக நுழைந்தது 1971இல். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய ‘செயின்மெயில்’ விதிநூலின் பின்னிணைப்பில் மந்திரவாதிகளும் டிராகன்களும் ஆவிகளும் படையில் சேர்ந்தன. 1974இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வந்தது. அடுத்த ஆண்டே சின்சினாட்டியில் ரால் பார்த்தா என்ற பொம்மை நிறுவனமும் லண்டனில் கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பும் தொடங்கின. கேம்ஸ் ஒர்க்‌ஷாப் 1979இல் நியூவார்க் நகரில் சிட்டடெல் வார்ப்பகத்தை நிறுவியது. 1983இல் ‘வார்ஹேமர்’ வெளியானது. எலும்புக்கூடுகளும் ஆவிகளும் அணிவகுக்க இடம் கிடைத்தது.

அன்று கிடைத்த எனாமல் வண்ணம் விமான மாடல்களுக்கானது. அடியில் இருப்பதை முழுதாக மறைப்பதே அதன் குணம். பேய்க்கு அதைப் பூசினால் சுண்ணாம்பு அடித்த பொம்மைதான் மிஞ்சும். எண்பதுகளில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பரவிய பிறகு கை இளகியது. நீர்த்த மையை மேலே ஓடவிட்டால் அது மேடுகளை விட்டிறங்கி மடிப்புகளில் தேங்கும். இதற்கு ‘வாஷ்’ என்று பெயர். தூரிகையைத் துணியில் துடைத்து, ஏறக்குறைய வறண்ட நுனியால் மேடுகளை மட்டும் உரசுவது ‘டிரைபிரஷ்’. பேய்ப்படையின் பிழைப்பு இந்த இரண்டிலும்தான் ஓடியது.

பேய்க்கான பச்சை நிறத்தைப் பலர் மனத்தில் பதித்தது 2003இல் வந்த ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மூன்றாம் படம். அதில் இறந்தோர் படை பாசி படிந்த பச்சை ஒளியில் வரும். அந்தப் படத்துக்கான பொம்மைகளையும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பே செய்தது.

2018இல் அதே நிறுவனத்தின் ‘சோல் வார்ஸ்’ விளையாட்டுப் பெட்டியுடன் நைட்ஹான்ட் என்ற தனிப் பேய்ப்படை வந்தது. கிழிந்த அங்கியின் நுனி ஒன்றே அடித்தட்டைத் தொட, உடல் காற்றில் நிற்கும். ஈயத்தில் இத்தனை மெலிதாக வார்ப்பது பெரும்பாடு. பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று நம்மூரில் சொல்வதற்கு இங்கே பிளாஸ்டிக்கே சாட்சி. இந்தப் படையில் ‘செயின்ராஸ்ப்’ என்ற சங்கிலி பூட்டிய கைதி ஆவிகள் இருபது முப்பதாக வரும். ஒன்றைப் பூசும் விதம் இது: கறுப்பு அடிப்பூச்சு காய்ந்ததும் மேலிருந்து மட்டும் வெள்ளையைத் தெளிப்பார்கள். அதன் மேல் நீலப்பச்சை வாஷ் ஓடும். சாதாரண உடுப்பில் மடிப்பின் உட்புறம் இருளும். பேயில் சிலர் அதைத் தலைகீழாக்கி, உட்குழிவில் வெளிர்நிறம் ஏற்றுகிறார்கள்; ஒளி உள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். கடைசியாகச் சங்கிலிக்கும் வாளுக்கும் கெட்டியான பழுப்பு, அதன் மேல் பஞ்சால் ஒற்றிய ஆரஞ்சுத் துரு. இதைப் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் வேலை பார்ப்பது இதுவே. துருப்பிடித்த இரும்பு பக்கத்தில் கனத்துக் கிடந்தால்தான் அங்கி புகையாகத் தெரியும்.

2019இல் சிட்டடெல் கொண்டுவந்த ‘கான்ட்ராஸ்ட்’ வண்ணங்கள் வெளிர் அடிப்பூச்சின் மேல் ஒரே பூச்சில் நிழலையும் ஒளியையும் சேர்த்துத் தந்தன. ஒரு படையை முடிக்கும் நேரம் பெரிதும் குறைந்தது. பழைய கைகாரர்கள் சிலர் முகம் சுளித்தார்கள்.

வண்ணமே வேண்டாம் என்று கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் பேய்களை வார்த்தவர்களும் உண்டு. ரீப்பர், விஸ்கிட்ஸ் நிறுவனங்களின் பொம்மைகளில் இவை கிடைக்கின்றன. ஆனால் ஒளி தடையில்லாமல் ஊடுருவுவதால் முகமும் மடிப்பும் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. வாங்கியவர்கள் அவற்றின் மேலும் கொஞ்சம் வாஷ் ஓடவிட்டுத்தான் மேசையில் வைக்கிறார்கள்.