பேராலய உட்புறப் பனோரமா

ஐரோப்பாவின் இடைக்காலப் பேராலயங்களுக்குள் ஓரிடத்தில் கேமராவை நிறுத்தி, சுற்றிலும், தலைக்கு மேலும், காலடியிலும் உள்ள அனைத்தையும் தனித்தனியே எடுத்து ஒரே காட்சியாக இணைக்கும் ஒளிப்பட முறை. முழுக் கோளப் படம் கிடைமட்டத்தில் 360 பாகையும் செங்குத்தில் 180 பாகையும் கொண்டது. திரையில் அதை இழுத்துத் திருப்பிப் பார்க்கலாம். இணையத்தோடு பரவிய முறைதான் என்றாலும், இதன் வேர் ஒளிப்படத்துக்கும் முந்தையது.

கட்டடத்தின் இயல்பே இந்த முறையைக் கேட்டு வாங்கியது. பிரான்சின் அமியான் பேராலயத்தில் நடுக்கூடம் தரையிலிருந்து வளைகூரை வரை 42 மீட்டருக்குச் சற்று அதிகம். அகலம் அதில் பாதிகூட இல்லை. பொவே நகரில் 48 மீட்டர் வரை எழுப்பினார்கள். 1284இல் கூரையின் ஒரு பகுதி சரிந்தது. இத்தகைய கூடத்தில் நீளவாக்கில் பின்னுக்குப் போனால் தூண்கள் பக்கக்கூடங்களை மறைக்கும். அண்ணாந்து எடுத்தால் சுவர்கள் உள்நோக்கிச் சாயும். போதாக்குறைக்கு வெளிச்சம் வேறு. வண்ணக்கண்ணாடிச் சன்னல் தெளிவாக விழுந்தால் பக்கக்கூடம் கரியாகும். பக்கக்கூடம் தெரிந்தால் சன்னல் வெறும் வெள்ளையாகும்.

ஓவியர்கள் இந்தச் சிக்கலை முன்பே சந்தித்திருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஹார்லெம் நகரின் புனித பாவோ ஆலயத்தை வரைந்த டச்சு ஓவியர் பீட்டர் சான்ரெடாம், முதலில் அளவெடுத்து, ஒரே பார்வைக்குள் அடங்காத அகலத்தைக் கணக்குப் போட்டுச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார். சுற்றுவட்ட ஓவியக் கூடத்துக்கு ராபர்ட் பார்க்கர் 1787இல் காப்புரிமை பெற்றார். ஆனால் பேராலயத்தின் உட்புறத்தைக் காட்டிக் கூட்டம் சேர்த்தவர்கள் பாரிசின் டாகேரும் பூத்தோனும். 1822இல் அவர்கள் திறந்த ‘டியோரமா’ அரங்கின் முதல் இரு காட்சிகளுள் ஒன்று, பூத்தோன் வரைந்த கேன்டர்பரி பேராலயத்தின் திரித்துவச் சிற்றாலயம். ஏறத்தாழ 22 மீட்டர் அகலமும் 14 மீட்டர் உயரமும் உள்ள துணியில், முன்னிருந்தும் பின்னிருந்தும் வரும் ஒளியைத் திரைகளால் கூட்டிக் குறைத்தபோது, கல்லின் மேல் வெயில் நகர்வதுபோல் தெரிந்தது. ஒளிப்படத்தின் தந்தையருள் ஒருவராக நாம் அறிந்த டாகேர், அதற்கு முன்பு இருண்ட அறையில் ஆலயங்களைக் காட்டிக் கட்டணம் வாங்கியவர் என்பதை மறக்க வேண்டியதில்லை. 1839 மார்ச்சில் அந்த அரங்கு எரிந்துபோனது. 1842இல் பிரி-சூர்-மார்ன் என்ற சிற்றூர் ஆலயத்துக்கு டாகேர் வரைந்து கொடுத்த டியோரமா இன்றும் இருக்கிறது: எளிய ஆலயத்தின் பீடத்துக்குப் பின்னே இல்லாத கோதிக் கூடம் ஒன்று நீண்டு போவதாகத் தோன்றும்.

ஒளிப்படத்தில் முதல் பெரும் முயற்சி 1851இல் நடந்தது. பிரெஞ்சு அரசின் வரலாற்றுச் சின்னங்கள் குழு, பால்துஸ், பயார், லெ கிரே, லெ செக், மெஸ்த்ரால் ஆகிய ஐவரை நாடெங்கும் அனுப்பிப் பழைய கட்டடங்களைப் பதிவு செய்யச் சொன்னது. எதுவார் பால்துஸ், அக்காலத்தில் எடுத்த ஆர்ல் நகர் சேன் த்ரோஃபீம் முற்றத்துச் சுற்றுமண்டபப் படம் இக்கலையின் மூலமுன்னோடி எனத் தகும். அருகிலுள்ள தூணுக்கும் தொலைவிலுள்ள வளைவுக்கும் ஒரே லென்ஸில் கூர்மை கிடைக்கவில்லை; வெயிலும் நிழலும் ஒத்துப்போகவில்லை. எனவே ஏறத்தாழ பத்துக் காகித நெகட்டிவ்களை எடுத்து, வெட்டிப் பொருத்தி, இடைவெளிகளைத் தூரிகையால் நிரப்பினார். இன்றைய மென்பொருள் செய்வதும் சாராம்சத்தில் இதே வேலைதான். ‘அப்படியே உள்ளதைக் காட்டும் சான்று’ என்று பனோரமாவைக் கொண்டாடுவோர் இந்தப் படத்தை ஒருமுறை உற்றுப் பார்ப்பது நல்லது.

இதற்கு நேரெதிர்ப் போக்கும் இருந்தது. புத்தகக் கடைக்காரராக இருந்து ஒளிப்படக்காரரான ஃபிரெடெரிக் எவன்ஸ், 1903இல் வெல்ஸ் பேராலயத்தின் தேய்ந்த படிக்கட்டை மட்டும் எடுத்து, முழுக் கட்டடத்தின் கனத்தையும் அதில் உணர்த்தினார். கோளப் படங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு சட்டத்துக்கு ஈடாகா.

1904இல் காப்புரிமை பெற்ற ‘சர்க்கட்’ போன்ற சுழலும் கேமராக்கள் இங்கே அதிகம் உதவவில்லை. மெல்லிய பிளவு வழியே ஃபிலிமில் ஒளி விழும் ஏற்பாடு அது. இருண்ட கூடத்துக்குப் பொருந்தாது, வளைகூரை வரை எட்டவும் எட்டாது.

திருப்பம் 1990களில் வந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் ‘குவிக்டைம் விஆர்’ 1995இல் சுற்றிப் பார்க்கும் படத்தைச் சாதாரணக் கணினிக்குக் கொண்டுவந்தது. 1998இல் ஜெர்மானியப் பேராசிரியர் ஹெல்முட் டெர்ஷ் ‘பனோரமா டூல்ஸ்’ மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். படங்களிடையே பொதுவான புள்ளிகளைக் கணினியே கண்டுபிடித்து ஒட்டும் வழியை மேத்யூ பிரவுனும் டேவிட் லோவும் 2003இல் காட்டினர். வெளிச்சச் சிக்கலுக்கு விடை 1997இல் கிடைத்தது. பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் ஒளி விழும் நேரத்தை 30 நொடி முதல் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை மாற்றி 16 படங்களை எடுத்து ஒன்றாக்கினர். அவர்கள் எடுத்துக்கொண்ட காட்சி அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு நினைவு ஆலயத்தின் உட்புறம். இடைக்காலக் கட்டடம் அன்று. ஆனாலும் இருளும் வண்ணக்கண்ணாடியும் சேர்ந்த அதே பழைய தொல்லைதான்.

களத்தில் எல்லாவற்றையும்விட முக்கியம், லென்ஸ் சுழலும் புள்ளி. ஒளி உள்ளே நுழையும் மையத்தைச் சுற்றியே கேமரா திரும்ப வேண்டும். ஓரிரு சென்டிமீட்டர் தவறினாலும் இடமாறு தோற்றத்தால் அருகிலுள்ள தூண் பின்னுள்ள தூணை விட்டு விலகும். வளைகூரையின் கல்விலா நடுவில் முறிந்தது போல் தெரிந்தால் பிழை அங்கேதான். மீன்கண் லென்ஸ் என்றால் சுற்றிலும் சில படங்களும் உச்சிக்கு ஒன்றும் போதும். முக்காலி மறைக்கும் தரையைத் தனியே எடுத்து ஒட்டுவார்கள். நடமாடும் பயணிகளை நீக்க அதே கோணத்தில் பல முறை எடுப்பதும் உண்டு.

இந்த முறையின் பெரிய குறை, ஓரிடத்தில் நட்டு நிறுத்துவது. மேற்கு வாயிலில் நுழைந்து கிழக்கே பீடம் நோக்கி நடப்பதற்காகக் கட்டப்பட்ட கூடம் இது. அடிக்கு அடி தூண்கள் விலகிக் காட்சி மாறும். கலை வரலாற்றாளர் ஆண்ட்ரூ டாலன் இதற்கு ஓரளவு பரிகாரம் கண்டார். 2010இல் பாரிசின் நோத்ர்தாமில் 50க்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து லேசர் ஸ்கேனரால் 100 கோடிக்கும் அதிகமான புள்ளிகளை அளந்தார். அளந்த இடங்களிலிருந்தே கோளப் படமும் எடுத்து, அதன் நிறத்தைப் புள்ளிகள் மேல் போர்த்தினார். மேற்குப் பகுதியின் தூண்கள் நேர்கோட்டில் இல்லை என்பது அப்போது வெளிப்பட்டது. 2018இல் அவர் இறந்தார். 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பிடித்து, வளைகூரை சில இடங்களில் இடிந்தபோது, அந்த அளவைகள் மீட்புப் பணிக்குக் கைகொடுத்தன.

2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ர்தாமின் உட்சுவர்கள் தூய்மை செய்யப்பட்டு வெளிர்நிறமாக இருக்கின்றன. ஷார்த்ர் பேராலயத்திலும் அண்மைச் சீரமைப்பில் கருமை நீங்கி, 13ஆம் நூற்றாண்டுப் பூச்சு என மீட்போர் சொல்லும் காவி மஞ்சளும் வெள்ளைக் கோடுகளும் வந்தன. பழைய இருளே வேண்டும் என்று வாதிட்டவர்களும் குறைவில்லை. ஆகவே இரு பேராலயங்களின் பழைய பனோரமாக்களும் இன்று நேரில் காணமுடியாத கூடங்களைக் காட்டுபவை. எடுத்த ஆண்டு குறிக்கப்படாத படத்தை ஆய்வுக்குப் பயன்படுத்துவது கடினம். அந்தக் குறிப்பு இல்லாத படங்களோ ஏராளம்.