சாமியறைக் கண்ணாடி ஓவியங்கள்: எஞ்சியவற்றைக் காப்பது எப்படி?

1990 யூன் மாதம் சாம்பல்தீவை விட்டு ஓடியபோது அம்மம்மாவின் கையில் இரண்டு பொருட்கள் இருந்தன. ஒன்று, அடையாள அட்டைகள் வைத்த பை. மற்றது, சீலையில் சுற்றிய வெண்ணெய்க் கிருஷ்ணர் படம். காட்டுப் பாதையிலும் அகதி முகாமிலும் உடையாத அந்தப் படத்தை, ஊர் திரும்பிய பின் நானே பழுதாக்கினேன். பின்பலகையைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்தேன். கிருஷ்ணரின் இடது கை துணியோடு வந்துவிட்டது.

அது காகிதப் படமல்ல, கண்ணாடி ஓவியம். இவ்வகையில் கண்ணாடியின் பின்புறத்திலேயே வர்ணம் தீட்டுவார்கள். சாதாரண ஓவியத்தில் கடைசியாக வரும் கண், நகை, கோடுகளை முதலில் வரைந்து, பின்னணியைக் கடைசியில் பூசுவார்கள். முன்னால் நின்று பார்க்கும் நமக்கு இடமும் வலமும் மாறித் தெரியும். ஐரோப்பாவிலிருந்து சீனா வழியாக 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த இக்கலை, 19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் செழித்தது. 1894இல் தொடங்கிய ரவிவர்மாவின் அச்சகம் போன்றவை மலிவான சாமிப் படங்களைப் பரப்பியதும், கையால் வரைவது குறைந்தது. எங்கள் படம் நாகபட்டினத்திலிருந்து வத்தையில் வந்தது என்று அம்மம்மா சொல்வார்.

உங்கள் வீட்டுப் படம் எவ்வகை என அறிய, பூதக்கண்ணாடியால் முன்புறமாகப் பாருங்கள். நுண்ணிய புள்ளிகள் தெரிந்தால் பெரும்பாலும் அச்சுப்படம். தூரிகைத் தடமும், கண்ணாடியில் அலையோ குமிழோ தெரிந்தால் கையால் வரைந்ததாக இருக்கலாம். இதற்காகப் பின்பலகையைக் கழற்றவேண்டாம்.

வர்ணம் கண்ணாடிக்குள் ஊறுவதில்லை, மேலே ஒட்டிக்கொண்டு மட்டுமே நிற்கிறது. ஈரமும் வெப்பமும் மாறிமாறி வந்தால் அந்தப் பிடி தளரும். ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக இருக்கும் எங்கள் ஊரில், மாரி காலம்தான் பெரிய ஆபத்து. ஆகவே:

• மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். உட்சுவரிலும் சற்று இடைவெளி விடுங்கள்.
• விளக்கையும் கற்பூரத்தையும் படத்திலிருந்து தள்ளி வையுங்கள். வெயில் நேரே படக்கூடாது.
• முன்புறத்தை மட்டும், உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள்.
• வர்ணம் உரியத் தொடங்கினால், கண்ணாடி கீழும் வர்ணம் மேலுமாகக் கிடையாக வையுங்கள். பசை, ஒட்டுநாடா, வார்னிஷ் எதுவும் வேண்டாம். உதிர்ந்த துண்டுகளைக் கடித உறையில் பத்திரப்படுத்துங்கள்.
• இருபுறமும் படம்பிடித்து, யாருடையது, எங்கிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள்.

பழைய சாமான் வாங்க வருபவர்கள் சட்டத்தின் விலையைத்தான் சொல்வார்கள். அவசரப்பட்டுக் கொடுக்கவேண்டாம். வெளிநாட்டு உறவுகளுக்கு அனுப்புவதானால், 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டத்தின்படி அனுமதி தேவைப்படலாம். முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் கேளுங்கள்.

எங்கள் கிருஷ்ணருக்குப் புதுக்கை வரையலாம் என்று பலர் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. உதிர்ந்த வர்ணம் ஓர் உறையில் இருக்கிறது. அதன்மேல் அம்மம்மாவின் பெயரையும், படத்தோடு அவர் நடந்த ஊர்களின் பெயர்களையும் எழுதி வைத்திருக்கிறேன்.