பழைய கிராமபோனும் பெரியம்மாவின் கைப்பிடியும்



போன வாரம் பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். எட்டுப்பட்டை மரப்பெட்டி, பளபளக்கும் பித்தளைக் குழாய், முன்னால் நாய் படம். "சார், நூறு வருஷத்துக் கிராமபோனாம். ஆன்லைனில் வாங்கலாமா?" என்று கேட்டிருந்தான். "பொறு" என்று மட்டும் பதில் போட்டேன். மீதியை இங்கே எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. வாத்தியார் புத்தி போகுமா?

1877ல் எடிசன் உருவாக்கியது போனோகிராப். அது உருளையில் ஒலியைப் பதிந்தது. பத்து ஆண்டு கழித்து, 1887ல், எமில் பெர்லினர் தட்டையான தட்டில் பதியும் கிராமபோனைக் கொண்டுவந்தார். அந்தப் புகழ்பெற்ற நாய் படத்தில் பிரான்சிஸ் பராட் முதலில் வரைந்திருந்தது போனோகிராப்பைத்தான். 1899ல் கிராமபோன் கம்பெனி அதை வாங்கியபோது, பழையதை மறைத்துக் கிராமபோனை வரைந்து கொடுத்தார்.

நம் நாட்டில் 1902ல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார்கள். 1908ல் கல்கத்தாவிலேயே இசைத்தட்டு ஆலை வந்தது. தட்டு செய்ய முக்கியமான பொருள் அரக்கு. அது நம் நாட்டிலேயே கிடைத்தது. 1930களில் காரைக்குடிக்காரரான ஏ.வி.மெய்யப்பன், சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் ஓடியன் இசைத்தட்டுகளை வெளியிட்டார். ஏ.வி.எம். ஸ்டுடியோவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் பெரியப்பாவிடம் எச்.எம்.வி. பெட்டி கிராமபோன் ஒன்று இருந்தது. குழாய் வெளியே தெரியாது. சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிப் போகலாம். தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம் பாடும். அடுத்த பக்கத்துக்கு ஊசியை மாற்றி, மறுபடி சாவி கொடுக்க வேண்டும். சாவி கொடுக்கும் வேலை எனக்கு.

1974ல் பெரியப்பா காலமானார். பாகப் பிரிவினையில் நிலத்துக்கும் அண்டாவுக்கும் பேச்சு நடந்தது. பெட்டியை யாரும் கேட்கவில்லை. பழைய சாமான்காரர் முப்பது ரூபாய் கொடுத்து எடுத்துப் போனார். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. சாவிக் கைப்பிடியை மட்டும் கழற்றி டிரங்குப் பெட்டியில் போட்டுக்கொண்டார். அவருக்குப் பின் அது என்னிடம் வந்தது.

ஓய்வு பெற்றதும் ஆசை வந்தது. ஆன்லைனில் படத்தைப் பார்த்து, நம் மாணவன் கேட்ட அதே மாதிரி ஒன்றை வாங்கினேன். வந்த பிறகுதான் தெரிந்தது: குழாய் புதுத் தகடு, பெட்டி புது மரம், நாய் படம் ஒட்டியது. உள்ளே இருந்த மோட்டார் மட்டும் எதோ பழைய பெட்டி கிராமபோனிலிருந்து பிடுங்கியது. சுற்றுலாப் பயணிகளுக்காக இப்படிச் சேர்த்துக் கட்டி விற்பது நம் நாட்டில் பல காலமாக நடக்கிறது. திருப்பி அனுப்பக் கேட்டேன், நடக்கவில்லை. பணம் போனதைவிட, வரலாறு நடத்திய ஆள் ஏமாந்தேனே என்பதுதான் உறுத்தியது.

பிறகு கைப்பிடியைப் பையில் போட்டுக்கொண்டு காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனேன். பழம்பொருள் கடைகள் நிறைந்த தெரு. பர்மாவில் தொழில் செய்த காலத்தில் செட்டிநாட்டு வீடுகளில் தேக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் நிறைந்தன. 1942ல் பர்மாவை ஜப்பான் பிடித்த பின் அந்த வரவு நின்றது. பங்காளிகள் பல ஊர்களுக்குப் பிரிந்தார்கள். வீடுகள் இடிபட்டபோது உள்ளிருந்த சாமான்கள் கடைக்கு வந்தன.

மூன்றாவது கடையில் கைப்பிடி இல்லாத எச்.எம்.வி. பெட்டி ஒன்று கிடந்தது. என் கைப்பிடியை வைத்துத் திருப்பினேன். பொருந்தியது. "எங்கிருந்து வந்ததுண்ணே?" என்று கேட்டேன். "ஏதோ ஒரு வீட்டுச் சாமானோட வந்தது சார்" என்றார். எங்கள் பெட்டியேதான் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் ஒரே மாதிரிப் பெட்டிகள் ஏராளமாக விற்றவை. ஒரு கைப்பிடி எத்தனையோ பெட்டிக்குப் பொருந்தும். சான்று இல்லாமல் சொல்லக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனாலும் வாங்கிவிட்டேன்.

நேரில் வாங்கினால் இவற்றைப் பாருங்கள். சாவி கொடுக்கும்போது 'டொக்' என்று ஸ்பிரிங் நழுவுகிறதா? தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டு ஒட்டி, பாட்டு ஓடும்போது சுற்றை எண்ணுங்கள். 20 விநாடியில் 26 சுற்று என்றால் 78 வேகம் சரி. ஒரு பக்கம் முழுவதும் ஓடவிட்டு, வேகம் குறைகிறதா என்று கேளுங்கள். பெட்டியில் கைபடும் இடம் தேய்ந்திருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே பளபளப்பு என்றால் சந்தேகப்படுங்கள்.

ஆன்லைனே கூடாது என்று சொல்லமாட்டேன். எனக்கு ஊசி கிடைத்தது அதில்தான். நாலு இடத்து விலையை ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும். மெஷின் வாங்குவதானால், ஒரு பக்கம் முழுதும் பாடும் வீடியோவும், மோட்டாரின் படமும் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள். அரக்குத் தட்டைக் கூரியரில் வாங்கினால் உடைந்து வரலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. தாத்தா பாட்டி வீட்டுச் சாமானை விற்க நேர்ந்தால் விற்றுக்கொள்ளுங்கள், தவறில்லை. விற்கும் முன் இது யாருடையது, எப்போது வாங்கியது, எந்த ஊர் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டுங்கள். 1974ல் யாராவது அப்படி எழுதியிருந்தால், இன்று நான் 'இருக்கலாம்' என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். படித்துவிட்டுப் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்