யாருக்கான பாதுகாப்பு? கொள்ளைநோயும் பெண்கல்வியும்

கொரோனா காலத்துப் பள்ளிக்கூட வரலாற்றை எழுதுகிறவர்கள் தேதிகளை வரிசைப்படுத்துவது வழக்கம். தமிழ்நாட்டில் 2020 மார்ச் 17 முதல் பள்ளி, கல்லூரிகள் மூடப்பட்டன. 2021 ஜனவரி 19 அன்று பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் மட்டும் திறந்தன. இரண்டாம் அலைக்குப் பிறகு செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரையான வகுப்புகளும் கல்லூரிகளும், நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளும் திறக்கப்பட்டன. வகுப்புக்கு 25 பேர், முகக்கவசம், கைகழுவும் இடம், வாசலில் வெப்பமானி என்று நெறிமுறைகள் வந்தன.

இவை தேவையானவைதான். 2021 மே மாதக் கடைசியில் கோவை மாவட்டத்தின் ஒருநாள் தொற்று நாலாயிரத்தைத் தாண்டிச் சென்னையையே முந்தியது. அதைக் கண்ணால் பார்த்த நாங்கள் யாரும் அந்த எச்சரிக்கையைக் குறைசொல்ல மாட்டோம். ஆனால் அந்த நெறிமுறைகளுக்குத் தெரிந்த ஆபத்து கிருமி ஒன்றுதான். படிக்கிற பெண்ணுக்கு ஆபத்து வேறு எங்கிருந்தெல்லாம் வந்தது என்ற கேள்வி அவற்றில் இல்லை. அந்தக் கேள்வி புதியதும் இல்லை. 1897இலேயே கேட்கப்பட்டுவிட்டது.

2020இல் அரசுகள் கையில் எடுத்த தொற்றுநோய்கள் சட்டம் 1897 பிப்ரவரி 4 அன்று இயற்றப்பட்டது. பம்பாய் மாகாணத்தில் பிளேக் பரவியபோது அவசரமாகக் கொண்டுவரப்பட்ட, நான்கே பிரிவுகள் உள்ள சட்டம். அதன் பலத்தில் புனே நகரத்து வீடுகளுக்குள் சிப்பாய்கள் நுழைந்தார்கள். நோயாளிகள் மருத்துவமனைக்கும், உடனிருந்தவர்கள் முகாமுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். அதே நகரத்தில், பெண்கல்விக்கு வாழ்க்கையைக் கொடுத்த இரண்டு பெண்கள் அந்த ஆண்டில் செய்த காரியங்களை நாம் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒருவர் சாவித்திரிபாய் பூலே. 1848இல் ஜோதிராவுடன் சேர்ந்து புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர். பிளேக் வந்தபோது, மருத்துவரான மகன் யஷ்வந்த் ஊருக்கு வெளியே நடத்திய சிகிச்சை இடத்துக்கு நோயாளிகளைத் தாமே கொண்டுசேர்த்தார். ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவன் ஒருவனைத் தூக்கிச் சென்றபோது நோய் தொற்றி, மார்ச் 10 அன்று இறந்துபோனார். சட்டம் வந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை.

இன்னொருவர் பண்டித ரமாபாய். விதவைகளும் சிறுமிகளும் தங்கிப் படித்த சாரதா சதனத்தை நடத்தியவர். 1897 மே மாதம் பம்பாயின் ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்கு அவர் கடிதம் எழுதினார். பிளேக் மருத்துவமனையிலும் முகாமிலும் பெண்களுக்குப் பாதுகாப்பில்லை, தம் விடுதியிலிருந்து கொண்டுபோகப்பட்ட இளம்பெண் ஒருத்தி அங்கே சீரழிக்கப்பட்டாள் என்பது அவர் குற்றச்சாட்டு. மாகாண ஆளுநர் அதை ஏற்க மறுத்தார். நோயிலிருந்து காப்பதாகச் சொல்லி ஒரு பெண்ணைக் கொண்டுபோகிறவர்களிடமிருந்து அவளைக் காப்பது யார் என்று நேரடியாகக் கேட்ட முதல் குரல்களில் ஒன்று அது. கேட்டவர் ஒரு பெண்கள் பள்ளியின் பொறுப்பாளர் என்பதை நாம் மறக்கக் கூடாது.

பிளேக் நம் ஊருக்கும் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையை அது திரும்பத் திரும்பத் தாக்கியது. மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே போனார்கள். நகரின் பல தெருக்களில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. 2021இல் இருகூரில் கொரோனா தேவிக்கும் சிலை வைத்தார்கள். நோய்க்குப் பெண் தெய்வத்தைக் காவல் வைப்பது இந்த மண்ணின் பழக்கம். பெண்பிள்ளைகளுக்கு யாரைக் காவல் வைத்தோம்?

கொங்கு நாட்டில் பள்ளிக்கூடத்தின் மதிலுக்கு வெளியே மில் நிற்கிறது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்று வருட ஒப்பந்தத்தில் பதின்வயதுப் பெண்களை மில் விடுதிகளில் வைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கு என்று மொத்தப் பணம் தருவதாகச் சொன்ன வரலாறு இந்த வட்டாரத்துக்கு உண்டு. வறுமையில் இருக்கிற வீட்டுப் பெண்ணுக்குப் பள்ளி என்பது படிப்பு மட்டும் இல்லை. அங்கே மதியச் சோறும் நாப்கினும் உண்டு. ‘படிக்கிற பிள்ளை’ என்று சொல்லிக் கல்யாணத்தைத் தள்ளிப்போட ஒரு காரணமும் உண்டு. கதவை மூடிய அன்று இவை எல்லாமே மூடின. சத்துணவுக்குப் பதில் உலர் உணவுப் பொருள் தரப்பட்டது. மற்றவற்றுக்குப் பதில் எதுவும் தரப்படவில்லை.

என் இணையவழி வகுப்பில் சில மாணவிகளின் மைக்கைத் திறந்தால் தறிச் சத்தம் கேட்கும். வீட்டுக்கு ஒரே போன் என்றால் அது அண்ணன் கையில் இருக்கும். தங்கைக்கு வருகைப்பதிவில் ஆப்சென்ட் விழும். “ஷிப்ட் முடிச்சுட்டு ரெக்கார்டிங் கேட்டுக்கறேனுங்க மேடம்” என்று ஒரு மாணவி எனக்கு வாட்ஸப்பில் எழுதினாள். கல்லூரி திறந்தபோது அவள் வந்தாள். அவளோடு அதே பஸ்ஸில் வந்துகொண்டிருந்த இன்னொருத்தி வரவில்லை, கல்யாணம் முடிந்திருந்தது. வாசலில் எல்லோருக்கும் காய்ச்சல் பார்த்தோம். வராதவர்களின் பட்டியலை யாரும் கேட்கவில்லை.

வகுப்புகள் திரும்பத் திறந்துகொண்டிருந்த 2021 நவம்பரில், கோவையில் 17 வயது மாணவி ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். அவர் முன்பு படித்த பள்ளியின் ஆசிரியர் பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டில் போக்சோ சட்டத்தில் கைதானார். தெரிந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் பள்ளி முதல்வரும் கைதானார். மாணவர்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் 1098, 14417 என்ற உதவி எண்கள் நம் பேச்சில் பரவலாக அடிபட்டன. கிருமிநாசினிப் புட்டி வைக்க இடம் கண்டுபிடித்த பள்ளிகள், புகார்ப் பெட்டி வைக்கவும் அதே வேகத்தில் இடம் தேடியிருக்கலாம்.

பள்ளியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொன்ன ஆணைகள், யார் கையால் என்று சொல்லவில்லை. நம் பக்கத்தில் அந்தக் கை பெரும்பாலும் அருந்ததியப் பெண்ணின் கை. அவருக்குக் கிடைப்பது சொற்பத் தொகுப்பூதியம். அவரும் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2022 கடைசியில் பெருந்துறைப் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்று காட்டியது. டெங்குக் காய்ச்சலில் படுத்த மகனிடம் ஒரு தாய் விசாரித்தபோது, பட்டியல் சாதிக் குழந்தைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்தது வெளியே வந்தது. தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். அவரும் பெண்தான். சாதியைப் பேசாமல் பெண்ணியம் பேச முடியாது என்பதற்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் எனக்குத் தேவையில்லை.

விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. தெருத்திண்ணையிலும் கோயில் நிழலிலும் மாலையில் குழந்தைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மாத ஊக்கத்தொகை 1000 ரூபாய். பட்டம் வாங்கிவிட்டு வீட்டுக்குள் இருந்த பல பெண்களுக்கு அது வெளியே வர ஒரு வழியானது என்பதை நான் மதிக்கிறேன். அதே சமயம், ஒரு பேரிடர்க்காலத்துக் கல்வியைத் தாங்கிய உழைப்புக்குத் ‘தன்னார்வம்’ என்று பெயர் வைத்தால் சம்பளம் என்ற சொல்லே எழாமல் போகிறது. சாவித்திரிபாயைத் தியாகி என்று வணங்கிவிட்டு, அவர் செய்த வேலையை இன்று செய்கிறவர்களுக்கு ஊதியம் பேச மறுப்பது நம் வசதிதானே?

இன்னொரு கொள்ளைநோய் வரும். அன்றைய நெறிமுறையில் வெப்பமானிக்கு அடுத்த வரியாகச் சில விஷயங்களை எழுதிவைக்க இப்போதே கேட்க வேண்டும். வாராவாரம் வராத மாணவிகளின் பட்டியல் எடுத்து, அவர்கள் வீட்டுக்கு ஆள் போக வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்லூரிகளில் இருக்க வேண்டிய உள்ளகப் புகார்க் குழு, கதவு மூடியிருக்கும்போதும் போனை எடுக்க வேண்டும். துப்புரவு செய்கிறவருக்குக் கையுறையும் முழுச் சம்பளமும் கொடுத்த பிறகே பள்ளி திறக்க வேண்டும். இதை வாசிக்கிற மாணவிகளே, உங்கள் கல்லூரியில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று நாளைக்கே அலுவலகத்தில் கேளுங்கள்.